புளிக்கும் வாளிக்குக் காவல் காக்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. கடிதம் டைப் செய்து பார்த்தாயிற்று. போட்டோக்களை காப்பி செய்தாயிற்று. பாட்டும் படமும் பார்த்தாயிற்று. "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கும் வாசகர்களுக்காகவே இந்தக் கட்டுரை. திரையையும் கீபோர்டையும் தாண்டி, வீட்டில் உள்ள மற்றப் பொருட்களையும் கம்ப்யூட்டரால் கவனித்துக் கொள்ள முடியும். நான் கை வைத்துச் செய்த ஒரு வேலையையே இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறேன். இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளும் சாதனங்கள் பற்றியது அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. லண்டனின் கிழக்குப் பகுதியில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுகளாகத் தோட்டத்து ஷெட்டில் பீர் தயாரிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. வயது எழுபத்தெட்டு. ஹைட்ரோமீட்டரின் மெல்லிய கோடுகளை அவர் கண்ணால் படிக்க முடியவில்லை. குளிர்கால இரவில் தோட்டத்தைக் கடந்து போய் வெப்பநிலை பார்க்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "இந்த வருடத்தோடு விட்டுவிடப் போகிறேன்" என்று பாத்திரங்களை யாருக்குக் கொடுப்பது என யோசித்துக் கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை அதுதான். மகள் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப் ஒன்று மட்டும் மேசையில் சும்மா கிடந்தது. அந்த லேப்டாப்பையும் அந்த ஷெட்டையும் இணைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 1963-ஆம் ஆண்டுவரை வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். சொந்த உபயோகத்திற்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. காய்ச்சி வடிப்பதற்கு அங்கும் தடை உண்டு. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு மத்திய அரசு அளவில் வழி திறந்தது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதியின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே தமிழ்நாட்டு வாசகர்கள் பீர் பகுதியைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதும். ஆனால் இதே சாதனத்தைத் தோசை மாவுக்கும் தயிருக்கும் அப்படியே பயன்படுத்தலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெப்பநிலைக்கு ஏன் இவ்வளவு கவனம்?

முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புக் கரைசலை ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. அந்த வாயு மூடியில் உள்ள ஏர்லாக் வழியாக வெளியேறும்.

பெரியவர் செய்யும் ஏல் வகைக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் ஏற்றது. வெப்பம் கூடினால் தின்னர் போன்ற நெடி வந்துவிடும். மிகவும் குறைந்தால் ஈஸ்ட் தூங்கிப் போகும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும் முதல் சில நாட்களில் அதுவே வெப்பத்தை உண்டாக்குவதால், அறையைவிட வாளிக்குள் சில டிகிரி அதிகமாக இருக்கும். ஆகவே அறையின் வெப்பநிலையை அளந்து பயனில்லை. வாளியைத்தான் அளக்க வேண்டும்.

இப்படி அளந்து பார்க்கும் பழக்கம் பீர் ஆலைகளுக்குப் புதிதல்ல. வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜூல், சால்போர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். பிஎச் அளவுகோல் 1909-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் உருவாக்கியது. எக்ஸெலில் டி-டெஸ்ட் என்றொரு பங்ஷன் இருக்கிறதே, அதன் அடிப்படையை 1908-இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்ட காஸெட், டப்ளினில் கின்னஸ் ஆலையில் பணியாற்றியவர்.

முதல் கட்டம்: சென்சாரும் ஆர்டினோவும்

வெப்பநிலையை அளக்க நாங்கள் பயன்படுத்தியது டிஎஸ்18பி20 என்ற சென்சார். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து, தண்ணீர் புகாதபடி வயருடன் கிடைக்கிறது. மூன்றே வயர்கள்: பவர், கிரவுண்ட், டேட்டா. பவருக்கும் டேட்டாவுக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இணைக்க வேண்டும். சாதாரண வெப்பநிலைகளில் அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் இருப்பதால், பல சென்சார்களை ஒரே டேட்டா வயரில் இணைத்தாலும் குழப்பம் வராது.

இந்த சென்சாரை நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருக முடியாது. நடுவில் ஆர்டினோ போன்ற சிறிய போர்டு ஒன்று வேண்டும். 2005-இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது ஆர்டினோ. அதற்கான சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இங்கே மூன்று இடங்களில் திணறுவார்கள்.

1. போர்டை யுஎஸ்பியில் செருகியும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மொபைல் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் கரண்ட் வயர் மட்டுமே இருக்கும். டேட்டா வயர் இருக்காது.

2. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பிரிவில் போர்டு எந்த எண்ணில் வந்திருக்கிறது என்று பாருங்கள். ஆர்டினோ சாப்ட்வேரில் அதே போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை குறைந்த சில போர்டுகளில் சிஎச்340 என்ற சிப் இருக்கும். அதற்குத் தனி டிரைவர் தேவைப்படலாம்.

3. சீரியல் மானிட்டரில் எண்களுக்குப் பதில் புரியாத எழுத்துகள் வருகின்றனவா? புரோகிராமில் கொடுத்த வேகமும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த வேகமும் வேறு வேறு என்று பொருள். இரண்டையும் 9600 என்று ஒன்றாக்கினால் சரியாகிவிடும்.

எண் வரத் தொடங்கியதும் சென்சாரைச் சோதித்துவிடுங்கள். நொறுக்கிய ஐஸ்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் சென்சாரை வையுங்கள். சில நிமிடங்களில் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்து நிற்க வேண்டும். அரை டிகிரி கூடக் காட்டினால், புரோகிராமில் அரை டிகிரி கழித்துக் கொள்ளலாம்.

இரண்டாம் கட்டம்: பழைய பிரிட்ஜ்

பெரியவரிடம் பழைய பிரிட்ஜ் ஒன்று இருந்தது. 20 லிட்டர் வாளி அதற்குள் நன்றாக அமர்ந்தது. கீழே 60 வாட் டியூப் ஹீட்டர் ஒன்றை வைத்தார். சிலர் ஹீட்டருக்குப் பதில் குண்டு பல்பு வைப்பதுண்டு. அது நல்லதல்ல, வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருட்கள் சிதைந்து நாற்றம் எடுக்கும். பீர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் வருவதன் காரணமும் இதுதான்.

சென்சாரை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, அதன் மேல் ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டினோம். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் பிரிட்ஜின் காற்றைத்தான் சென்சார் அளக்கும்.

புரோகிராமின் தர்க்கம் எளிது. இலக்கு 19 டிகிரி. 19.5-ஐத் தாண்டினால் பிரிட்ஜ் ஆன். 18.5-க்குக் கீழே போனால் ஹீட்டர் ஆன். இடையில் இருந்தால் இரண்டும் ஆப். இந்த ஒரு டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் ஆன், ஆப் என்று நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்ஜ் ஒருமுறை நின்றால் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மீண்டும் ஆன் செய்யக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரஸர் கெட்டுவிடும்.

கம்ப்யூட்டரை நம்பி ஹீட்டரை விடாதீர்கள்

ஹீட்டரை ஆன், ஆப் செய்யும் முடிவை லேப்டாப்பிடம் கொடுக்கக் கூடாது. நள்ளிரவில் விண்டோஸ் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகலாம். ஸ்லீப் நிலைக்குப் போகலாம். அந்த நேரத்தில் ஹீட்டர் ஆனில் இருந்தால் என்ன ஆகும்? ஆகவே முடிவெடுக்கும் வேலை சின்ன போர்டுக்கு, பார்த்துக் குறித்து வைக்கும் வேலை கம்ப்யூட்டருக்கு என்று பிரித்துக் கொண்டோம். லேப்டாப்பை மூடி வைத்தாலும் ஷெட்டில் வேலை நடக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சென்சார் வயர் கழன்றுவிட்டால், அதைப் படிக்கும் வழக்கமான புரோகிராம் லைப்ரரி கழித்தல் 127 என்ற எண்ணைக் கொடுக்கும். அது உண்மையான வெப்பநிலை அல்ல, பிழைக் குறியீடு. ஆனால் புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்? "ஐயோ, இவ்வளவு குளிரா!" என்று ஹீட்டரை ஆன் செய்து அப்படியே விட்டுவிடும். அதேபோல் பவர் வந்தவுடன் சென்சார் சில சமயம் 85 என்று காட்டும். இந்த இரண்டு எண்கள் வந்தால் எல்லாவற்றையும் ஆப் செய் என்று ஒரு வரி சேர்த்தோம். பிறகு, வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிச் சோதித்தோம். ஹீட்டர் அணைந்தது. அதன் பின்னரே பெரியவர் வாளியை உள்ளே வைத்தார்.

மெயின் கரண்ட் வேலைகள் முழுவதையும் அவரே செய்தார். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. மலிவான ரிலே போர்டுகள் அதைத் தாங்காமல் ஒட்டிக் கொள்ளும். அதனால் தகுந்த திறனுள்ள ரிலேயைப் போட்டு, மூடிய பெட்டியில் வைத்து, எர்த் கொடுத்து, ஆர்சிசிபி வழியாக இணைத்தார். உங்களுக்கு மின்வேலை தெரியாதென்றால் இந்தப் பகுதியைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். 5 வோல்ட்டில் எத்தனை சோதனை வேண்டுமானாலும் செய்யலாம். 230 வோல்ட்டில் சோதனை வேண்டாம்.

மூன்றாம் கட்டம்: வயர் இல்லாத இணைப்பு

யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் சரிவராது. ஷெட்டோ தோட்டத்தின் கடைசியில். ஆகவே ஆர்டினோவுக்குப் பதில் இஎஸ்பி8266 சிப் உள்ள போர்டைப் போட்டோம். இதில் வைஃபை வசதி உள்ளேயே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே வேலை செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுக்குள் ராஸ்பெர்ரி பை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 2012-இல் வெளிவந்த இந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை இங்கிலாந்தில் பீர் தயாரிப்பவர்களிடம் நிறையப் பார்க்கலாம். ஷெட்டிலிருந்து வரும் எண்களை அது பைலில் எழுதி வைக்கும். லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தால் வெப்பநிலை அரை ஜாண் உயர எழுத்தில் தெரியும். அந்த எழுத்தின் அளவு மட்டும் பெரியவர் கேட்டு வாங்கியது.

மிதக்கும் காவலாளி

அடுத்து ஹைட்ரோமீட்டர். கரைசலில் சர்க்கரை அதிகம் இருந்தால் அடர்த்தி அதிகம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அடர்த்தி குறையும். தண்ணீரை 1.000 என்று வைத்து இதை அளக்கிறார்கள். தொடக்கத்தில் 1.044, முடிவில் 1.011 என்றால் வித்தியாசம் 0.033. இதை 131.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.3 சதவீத ஆல்கஹால் என்று விடை வரும்.

இதைக் கண்ணால் படிக்காமல் அளக்க ஐஸ்பின்டெல் என்றொரு சாதனம் இருக்கிறது. ஜெர்மனியில் உருவான, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளக் கூடிய இலவச வடிவமைப்பு. உருளையான பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு இஎஸ்பி8266 போர்டு, லித்தியம் பேட்டரி, டிஎஸ்18பி20, சாய்வை அளக்கும் எம்பியு6050 சிப் ஆகியவை இருக்கும். மூடியைத் திருகி வாளிக்குள் போட்டுவிட வேண்டியதுதான். அடர்த்தி அதிகமாக இருந்தால் அதிகமாகச் சாய்ந்து மிதக்கும். குறையக் குறைய நிமிரும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, சாய்வை வைஃபையில் அனுப்பிவிட்டு மீண்டும் தூங்கும். பிரிட்ஜின் இரும்புத் தகடு சிக்னலைக் குறைத்ததால் ஷெட் சுவரில் வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்றை மாட்டினோம்.

சாய்வை அடர்த்தியாக மாற்றுவதற்குச் சமையலறைத் தராசும் சர்க்கரையும் போதும். 950 கிராம் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை கரைத்தால் அடர்த்தி 1.020. 900-இல் 100 கிராம் என்றால் 1.040. 850-இல் 150 கிராம் என்றால் 1.061. வெறும் தண்ணீரையும் சேர்த்து நான்கிலும் சாய்வைக் குறித்துக் கொள்ளுங்கள். எக்ஸெலிலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ அந்த நான்கு புள்ளிகளையும் வரைபடமாக்கி, டிரெண்ட்லைன் சேர்த்துச் சமன்பாட்டைக் காட்டச் சொன்னால் உங்கள் சூத்திரம் தயார். பள்ளியில் படித்த கணக்கு இங்கே உதவும்.

வரைபடம் காப்பாற்றிய கதை

14 நாட்களுக்கு, 15 நிமிடத்துக்கு ஒன்று வீதம் 1,344 வரிகள் சேரும். அவற்றை வரைபடமாக்கினால் ஈஸ்ட் என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். முதலில் சரிவு, பிறகு மெல்ல மெல்லத் தட்டையான கோடு. மூன்று நாட்கள் கோடு தட்டையாக இருந்தால் பாட்டிலில் அடைக்கலாம்.

சென்ற குளிர்காலத்தில் ஒருமுறை, ஐந்தாம் நாளிலேயே கோடு 1.020-இல் தட்டையாகிவிட்டது. ஏர்லாக்கிலும் குமிழி இல்லை. எட்டாம் நாள் பாட்டில்களைக் கழுவத் தொடங்கிவிட்டார் பெரியவர். அடர்த்திக் கோட்டின் அருகிலேயே வெப்பநிலைக் கோட்டையும் போட்டுப் பார்த்தோம். 19-இலிருந்து இறங்கி 12 டிகிரியில் நின்றது. போர்டு "ஹீட்டர் ஆன்" என்றே சொல்லிக் கொண்டிருந்தது. ஹீட்டரின் பிளக்கில் பியூஸ் போயிருந்தது. வேலை முடிந்து ஈஸ்ட் நிற்கவில்லை. குளிரில் தூங்கிப் போயிருந்தது.

பியூஸை மாற்றி 20 டிகிரிக்குக் கொண்டு வந்ததும் கோடு மீண்டும் சரிந்து 1.011-இல் நின்றது. இடையில் பாட்டிலில் அடைத்திருந்தால்? நுரை வருவதற்காகப் பாட்டிலில் வழக்கமாகச் சேர்ப்பது லிட்டருக்கு 6 கிராம் அளவு சர்க்கரை. 1.020-க்கும் 1.011-க்கும் உள்ள வித்தியாசம் லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை. அவர் பாட்டில்களைச் சமையலறை அலமாரியில்தான் அடுக்குவார். சூடான அறையில் ஈஸ்ட் விழித்துக்கொண்டிருந்தால், மூன்று மடங்குக்கும் மேலான வாயு கண்ணாடி பாட்டில்களுக்குள் சேர்ந்திருக்கும். அவை வெடித்தால் முகத்தில் பாய்வது கண்ணாடித் துண்டுகள்.

அன்றைக்கே புரோகிராமில் ஒரு வரி கூட்டினோம். ஹீட்டர் இரண்டு மணி நேரம் ஆனில் இருந்தும் வெப்பம் ஏறவில்லை என்றால் திரை சிவப்பாக மாறும். அத்துடன், ஐஸ்பின்டெல்லில் நுரையும் ஈஸ்டும் ஒட்டிக்கொண்டால் கணக்கு சற்றுப் பிசகும். அதனால் அடைப்பதற்கு முன் கடைசி அளவை நான் ஹைட்ரோமீட்டரில் படித்துச் சொல்கிறேன். பாத்திரங்களைக் கொடுத்துவிடும் பேச்சை அதன் பின் அவர் எடுக்கவில்லை.

நம் வீட்டுக்கு என்ன பயன்?

லண்டன் குளிரில் தோசை மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. அதே போர்டு, அதே சென்சார், சிறிய ஹீட்டர், ஒரு தெர்மோகோல் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு எங்கள் வீட்டில் ஒன்று செய்தேன். மாவுக்கு இலக்கு 30 டிகிரி. தயிருக்கு 42 டிகிரி. குளிர்விக்கும் பகுதி தேவையில்லை என்பதால் வேலை பாதியாகக் குறையும். ஹீட்டர் தெர்மோகோலைத் தொடாமல் உலோகத் தட்டின் மேல் இருக்க வேண்டும். கழித்தல் 127 காவலும் கட்டாயம் வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கும் இது உதவும்.

புதியவர்கள் எடுத்த எடுப்பில் ஹீட்டருக்குப் போக வேண்டாம். முதல் வாரம் ஒரு சென்சாரும் ஒரு போர்டும் வாங்கி, உங்கள் வீட்டு பிரிட்ஜின் வெப்பநிலையை மட்டும் ஒரு நாள் முழுவதும் பதிவு செய்யுங்கள். கம்ப்ரஸர் எத்தனை முறை ஓடுகிறது, கதவைத் திறந்தால் எவ்வளவு ஏறுகிறது, கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியும். அந்தக் கோட்டைப் படிக்கப் பழகிய பிறகு ஹீட்டரைப் பற்றி யோசிக்கலாம்.